ஒம்பதே காலுக்குச் சுத்தின மோட்டார்

உக்காருங்க. பெஞ்சுல அந்தக் கோடியில வேண்டாம், அந்தப் பக்கத்துக் கால் குட்டை, ஆடும். இப்படி நடுவுல வாங்க. இந்தப் பேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு வர்றவன் பூராவும் மிசினை வெச்சுப் பொழைக்கறவன். ஒரு அட்டையை நாலா மடிச்சு அந்தக் காலுக்கடியில சொருகோணும்னு ஒருத்தனுக்காவது தோணுச்சுங்களா? தோணாது. அவனவன் காயிதத்துல சீல் விழுந்தாப் போதும்னு ஓடற சனம். இதையெல்லாம் பார்த்தாலே எனக்கு எரிச்சலுங்க.

பனியன் கம்பெனி மேனேஜருங்களா? லைசென்சு புதுப்பிக்கவா? நல்லதுங்க. நான் விசாரணைக்கு வந்தேன். சாட்சி. காங்கேயத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தேங்காயெண்ணெய் மில்லுல பிட்டருங்க, பேரு தண்டபாணி. இருவத்தாறு வருசத் தொழிலு, இந்த மில்லுல ஒம்பது. எங்க எலெக்ட்ரீசியன் மயில்சாமிக்கு எடது கண்ணு போயிருச்சு. மோட்டார் ஷாப்ட்டுல இருந்து ஒரு இரும்புத் துண்டு எகிறி அடிச்சுருச்சுங்க. அந்தத் துண்டை அங்க விட்டது யாருன்னு இன்னிக்கு உள்ள வெச்சு எழுதப் போறாங்க. மயில்சாமியேதான்னு எழுதிட்டாங்கன்னு வைங்க, கண்ணு போனது போக, அவன் வயர்மேன் லைசென்சும் போயிரும், வேலையும் போயிரும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

எனக்கு அதுல ஒண்ணும் இல்லீங்க. கூப்பிட்டா உள்ள போய், கண்டதைச் சொல்லிட்டு, கையெழுத்துப் போட்டுட்டு, ரெண்டு மணி பஸ்ஸைப் புடிக்க வேண்டியதுதான். ஆனா அந்த மில்லை நெனைச்சா எனக்குச் சோறு எறங்கறதில்லை. மூணு வாரமா இப்படித்தான். நடந்ததைக் கேட்டீங்கன்னா உங்களுக்கும் குமட்டும்.

உங்க கம்பெனியில மோட்டாருன்னா தையல் மிசினுக்கு அடியில பூனைக்குட்டியாட்டப் படுத்திருக்கும். எங்களுது அறுபது குதிரை. எடை முந்நூத்தம்பது கிலோ. அதுக்கு எதுத்தாப்புல கியர்பாக்சு, அதுக்கு அந்தப் பக்கம் கொப்பரையை நசுக்கி எண்ணெய் எடுக்கற எக்ஸ்பெல்லரு. மோட்டார் ஷாப்ட்டும் கியர்பாக்சு ஷாப்ட்டும் மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்து நிக்கும். ரெண்டையும் சேர்த்துப் புடிக்கறதுதான் கப்ளிங். இந்த ஷாப்ட்டுல பாதி, அந்த ஷாப்ட்டுல பாதி, நடுவுல ரப்பர். கப்ளிங் ஷாப்ட்டு மேல வழுக்கீரக் கூடாதுன்னு, ஷாப்ட்டுல பள்ளமா ஒரு காடி வெட்டி, அதுல ஒரு இரும்புத் துண்டைப் படுக்க வெப்போம். அதுக்குப் பேரு கீ. கை அகலத்துக்கு மேல நீளம், பெருவெரல் கனம் இருக்கும். கப்ளிங் மேல ஏறி உக்காந்துட்டா அது எங்கயும் போகாது. கப்ளிங் இல்லாம வெறும் ஷாப்ட்டுல கீ இருக்கறப்ப மோட்டாரைப் போட்டா, அது கவண்ல வெச்ச கல்லுங்க. எவன் மேல போகும்னு சொல்ல முடியாது. வெறும் ஷாப்ட்டை ஓட்டிப் பார்க்கோணும்னா, மொதல்ல கீயைக் கழட்டிப் பையில போடோணும். பிட்டர் வேலைக்கு வந்த மொத வாரத்துலயே இது தெரிஞ்சிரும்.

ஆக, கீயை விட்டவன் மடையன். அதுல எனக்கு ரெண்டு பேச்சே இல்லை.

பழைய மோட்டார் ஆடி மாசம் கருகிப் போச்சு. ஏன் போச்சுன்னு கழட்டிப் பார்த்தேன் பாருங்க, அட கருமமே. மோட்டார் உக்கார்ற இரும்பு மேடை இருக்குதுல்லங்க, அது மட்டமா, சுத்தமா, பச்சை இரும்பா இருக்கோணும். எங்க மொதலாளி சென்னியப்பனுக்கு வருசா வருசம் ஆயுத பூசைக்கு மிசினுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சே ஆகோணும். பச்சைப் பெயிண்ட். தூசி தட்டறதில்லை, எண்ணெய் தொடைக்கறதில்லை, அது மேலயே அடி. பதினாலு வருசப் பெயிண்டும் பிண்ணாக்குத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, அடுக்கடுக்கா, நகத்துல கீறுனா பிசின் மாதிரி வருது. அதுக்கு மேல மோட்டாரை ஏத்தி வெச்சிருக்கறான் எனக்கு முந்தி இருந்த பிட்டரு. ஒரு கால் தூக்கிட்டு நின்னிருக்குது போல. அதுக்கடியில என்ன குடுத்திருக்கறான்னு நெனைக்கறீங்க? பிஸ்கட் டப்பா மூடி. அதுல பாப்பாப் படம் கூட இருந்துச்சு. மோட்டாருக்கு நாலு காலும் ஒண்ணா உக்காரோணும். ஒரு கால் உக்காரலைன்னா, போல்டை இறுக்க இறுக்க மோட்டார் ஒடம்பே முறுக்கிக்கும். அப்பறம் நேர் எப்படி நிக்கும், பேரிங் எப்படிப் பொழைக்கும்? ஒம்பது வருசமா அது என்ற கண்ணு முன்னாலதான் ஆடிட்டிருந்துச்சு, அது வேற விசயம். வெச்சவன் அவன்.

புது மோட்டார் வந்ததும் நான் சொல்லிப்போட்டேன், இந்தத் தடவை என்ற மொறைப்படிதான் நடக்கோணும்னு. மூணு நாள் அந்த மேடையைச் சொரண்டுனேனுங்க. அந்தப் பெயிண்ட்டு நாத்தம் இன்னும் மூக்குல இருக்குது. செயின் பிளாக்குல மோட்டாரைத் தூக்கறப்ப அடியில ஒரு ஆளை விடலை. எறக்கி வெச்சு, நாலு காலுக்கும் அடியில பீலர் தகடு விட்டுப் பார்த்து, இடைவெளி இருந்த காலுக்குப் பித்தளைத் தகட்டை அளவா வெட்டி வெச்சு, போல்டைக் குறுக்கும் மறுக்குமா இறுக்குனேன். அப்பறம் மறுக்கா ஒவ்வொண்ணாத் தளர்த்திப் பார்த்தேன். கால் எந்திரிக்கலை. இந்த ஜில்லாவுல எத்தனை பேரு அப்படிப் பார்ப்பான்னு நெனைக்கறீங்க? நாலு பேரு தேறமாட்டான்.

இன்னொண்ணு சொல்லோணும். எங்க மில்லுல ஒரு பழக்கம் இருக்குது, நான் கொண்டு வந்ததுதான். நான் எந்த மோட்டார்ல கை வெச்சாலும், மொதல்ல போர்டுல இருந்து அதுக்குக் கரண்ட் விடற பியூஸ் கட்டை மூணையும் மயில்சாமி கழட்டி என்ற கைல குடுத்தரோணும். என்ற சட்டைப் பையிலதான் கெடக்கும். வேலை முடிஞ்சு, எல்லாம் பார்த்து, ஆளெல்லாம் வெலகுன பொறவு, நானே கட்டையைத் திருப்பிக் குடுப்பேன். குடுத்தேன்னா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம், மிசினு சுத்தம்னு அர்த்தம். வாயில எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒம்பது வருசத்துல ஒரு நாள் தவறுனதில்லை. மொதலாளியே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன். "தண்டபாணி பையில இருந்து கட்டை வந்துச்சுன்னா கண்ணை மூடிட்டுப் போடலாம்"னு மயில்சாமி ஊர் பூராச் சொல்லிட்டுத் திரிவான்.

மயில்சாமிங்களா? அவன் ஒரு தினுசான ஆளுங்க. வேலை தெரியும். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா முதுகெலும்புன்னு ஒண்ணு கெடையாது. யாரு என்ன சொன்னாலும் "சரிங்க, சரிங்க"தான். மொதலாளி சொன்னா சரிங்க, மொதலாளி வீட்டு டிரைவர் சொன்னா சரிங்க, நான் சொன்னா சரிங்கண்ணா. அப்படி ஒரு மனுசனை எனக்குப் பக்கத்துல வெச்சுக்கவே புடிக்காது. மத்தியானச் சோத்துல பாதிக் கொழம்பை எனக்கு ஊத்துவான், வேண்டாம்னாலும் கேக்க மாட்டான். ரெண்டு பொட்டப் புள்ளைங்க அவனுக்கு. நிக்கறது, நடக்கறது, சிரிக்கறது எல்லாமே யாரோ கோவிச்சுக்குவாங்களோன்னு பயந்துக்கிட்டே.

செவ்வாக்கெழமை சாயங்காலம் மோட்டார் மேடையில உக்காந்தாச்சு. கப்ளிங்கோட பாதியை ஷாப்ட்டுல ஏத்தலாம்னு பார்த்தா ஓட்டை ஒரு மயிரெழை டைட்டு. சம்மட்டியில நாலு போடு போட்டு ஏத்தறவன் இருக்கறான். அடிச்சா உள்ள பேரிங் அடிபடும்ங்க. அன்னைக்குத் தெரியாது, மூணு மாசம் கழிச்சு அலறும். நான் அந்த அசிங்கத்தைச் செய்யறவன் இல்லை. லேத்துப் பட்டறைக்கு அனுப்புனேன். புதங்கெழமை பதினோரு மணிக்குத் தர்றேன்னான். வந்ததும் ஏத்தி, டயல் கேஜ் வெச்சு ரெண்டு ஷாப்ட்டும் நேரா இருக்குதான்னு பார்த்து, மேல மூடியைப் போட்டு, மத்தியானத்துக்கு மேல ஓட்டலாம்னு இருந்தேன்.

புதங்கெழமை காத்தால ஒம்பது மணி. நான் வேலையா இருக்கறேன். வர்றாருங்க மொதலாளி, வேட்டி நுனியைக் கையில புடிச்சுட்டு. பின்னால சம்சாரம் சுலோச்சனாம்மா தாம்பாளத்தோட. அவங்களுக்குப் பின்னால மில்லு சனம் பூராவும். தேங்கா, பழம், சந்தனம், பூசணிக்கா.

"தண்டபாணி, ஒம்பதே காலுக்கு மோட்டார் சுத்தோணும்"ங்கறாரு.

"இன்னும் கப்ளிங்கே வல்லீங்க"ன்னேன்.

"கப்ளிங் எதுக்குப்பா? ஒம்பதே காலுல இருந்து பத்தே கால் வரைக்கும் நல்ல நேரம். அதுக்குள்ள சக்கரம் சுத்தோணும்னுதான் ஜோசியர் சொன்னாரு. எண்ணெய் வரோணும்னா சொன்னாரு?"

எல்லாரும் சிரிச்சாங்க. அவருக்கு அப்படியொரு சமத்து.

உண்மையைச் சொல்லோணும்ல, கப்ளிங் கோக்கறதுக்கு முந்தி மோட்டாரைத் தனியா ஓட்டிப் பார்க்கத்தான் வேணும். எந்தப் பக்கம் சுத்துதுன்னு தெரிஞ்சுக்கத்தான். எக்ஸ்பெல்லரோட கோத்த பொறவு தப்பான பக்கம் சுத்துச்சுன்னா மரையெல்லாம் கழண்டு உள்ள நாசமாயிரும். ஆனா அது என்ற வேலை. நான் பார்த்து, நான் சொல்றப்ப நடக்கோணும். காலண்டர் சீட்டைக் கிழிச்சு வெச்சுட்டு நடத்தறதுக்கு இது என்ன கல்யாணமுங்களா?

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அந்தம்மா சந்தனத்துல அஞ்சு வெரலையும் முக்கி ஷாப்ட்டுல அப்புனாங்க. நான் மண்ணெண்ணெய் போட்டு, வெள்ளைத் துணியில தொடைச்சு, தூசி படாம வெச்சிருந்த ஷாப்ட்டுங்க. அது மேல சந்தனம், அது மேல குங்குமம், அது மேல செவ்வந்திப் பூவு. அது போதாதுன்னு மோட்டார் கழுத்துக்கு ஒரு மாலை. "அம்மா, அங்கெல்லாம் கை வெக்கக் கூடாதுங்க"ன்னு சொன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன்.

மொதலாளி திரும்பிப் பார்த்தாரு. "ஏப்பா, நீ பிட்டரு. ஸ்பேனர் புடிக்கற கை ஸ்பேனரைப் புடி. சாமி காரியத்துல உனக்கென்ன பேச்சு? மூணு நாளா அந்தப் பெயிண்ட்டைச் சொரண்டிட்டு உக்காந்திருக்கறே, நான் ஏதாச்சும் கேட்டனா?"

மறுக்கா எல்லாரும் சிரிச்சாங்க. கொப்பரை அள்ளற பொம்பளைங்க கூடச் சிரிச்சாங்க. மயில்சாமியும் சிரிச்சான். அவன் மொதலாளி சிரிச்சதால சிரிச்சான், அவன் சிரிப்புக்கு வேற அர்த்தம் கெடையாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அது இங்க வந்து குத்துச்சு. மூணு நாள், முட்டி தேய, மல்லாக்கப் படுத்து, குப்புறப் படுத்து நான் பண்ணுன வேலை அந்தக் கூட்டத்துக்குச் சொரண்டறதாப் போச்சு.

கீயை யாரு வெச்சதுன்னா கேக்கறீங்க? இருங்க, அதுக்குத்தான் வர்றேன். அவசரப்பட்டா எப்படிங்க.

ஒம்பது பதிமூணு. மயில்சாமி பக்கத்துல வந்து நின்னான். "அண்ணா, கட்டையைக் குடுங்கண்ணா. நேரமாச்சுங்கறாங்க."

நான் பையில இருந்து மூணு கட்டையையும் எடுத்தேன். "இந்தாடா, கொண்டு போய் உன்ற மொதலாளிக்கு ஆட்டிக் காட்டு"ன்னு அவன் கைல போட்டேன். போட்டுட்டு வெளிய வந்துட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. போய் உக்காந்து ஒரு டீ சொன்னேன். அங்க நின்னு அந்தக் கூத்தைப் பார்க்க எனக்கு என்ன தலையெழுத்து?

மோட்டார் கெளம்பற சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு. நல்ல சத்தம். பேரிங்குல ஒரு கரகரப்பு இல்லை. என்ற வேலைன்னு சொல்லாமலே தெரியும், அப்படி ஒரு சத்தம். பொறவு ஒரு இரும்பு அடிக்கற சத்தம் கேட்டுச்சு. டணார்னு ஒரே ஒரு தடவைதான். அதுக்கப்பறம் பொம்பளைங்க கத்துனாங்க.

போர்டுல சுவிட்சைப் போட்டுட்டு மயில்சாமி ஓடியாந்திருக்கறான், எந்தப் பக்கம் சுத்துதுன்னு பார்க்க. குனிஞ்சு ஷாப்ட்டைப் பார்த்திருக்கறான். அது அவன் வேலைதானுங்களே. கீ எகிறி, மேடை விளிம்புல பட்டு, அங்கிருந்து அவன் மூஞ்சிக்கு வந்திருக்குது. நான் போறப்ப ரத்தமும் சந்தனமும் ஒண்ணாக் கெடந்துச்சு. அந்த மாலையை ஷாப்ட்டு சுருட்டி இழுத்து, பூவு செவுரு பூராவும் ஒட்டியிருந்துச்சு. மோட்டார் இன்னும் ஓடிட்டே இருக்குது. அம்பது பேரு நிக்கறாங்க, ஒருத்தன் சுவிட்சை அணைக்கலை. நான்தான் போய் அணைச்சேன்.

அப்பறம் நடந்ததைக் கேளுங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கோணும். மொதலாளி காரு வாசல்லயே நிக்குது. சீட்டுல ரத்தம் பட்டுருமேன்னு கொப்பரைச் சாக்கை விரிச்சு அதுல படுக்க வெச்சாங்க. எண்ணெய்ச் சிக்கு வீச்சம் அடிக்கற சாக்கு. கண்ணுல அடிபட்டவனுக்கு. காரு அந்தப் பக்கம் போனதும் சுலோச்சனாம்மா மஞ்சத்தண்ணி ஊத்தித் தரையைக் கழுவச் சொல்லிட்டாங்க. பூசணிக்காயை ஒடைச்சாங்க. மொதலாளி என்ற தோள்ல கையைப் போட்டுட்டுச் சொல்றாரு, "பார்த்தியாப்பா, நல்ல நேரத்துல சுத்துனதால கண்ணோட போச்சு. ராகு காலத்துல சுத்தியிருந்தா உசிரு போயிருக்கும்." அப்படியே காறித் துப்பலாமான்னு இருந்துச்சுங்க. துப்பலை. கூலிக்காரன் எங்க துப்பறது.

பதினோரு மணிக்குக் கப்ளிங் வந்துச்சு. சொன்னா சொன்ன நேரத்துக்குக் குடுத்துட்டான் லேத்துக்காரன். "ஏத்திரு, கொப்பரை காத்துக் கெடக்குது"ன்னாரு மொதலாளி. ஏத்துனேன். கீயை மூலையில இருந்து எடுத்து, வேஸ்ட்டுத் துணியில தொடைச்சு, அதையேதான் வெச்சேன். வேற கீயை அரத்துல ராவிட்டு இருக்க யாருக்கு நேரம்? அது ஏற்கெனவே அந்தக் காடிக்குன்னு அளவாப் பொருந்துன கீ. சாயங்காலம் நாலு மணிக்கு எண்ணெய் வந்துருச்சு. டயல் கேஜுல நேர் பார்த்தேன் பாருங்க, முள்ளு அசையலை. இன்னிக்கு வரைக்கும் ஒரு முணுமுணுப்பு இல்லாம ஓடுது.

ஆமாங்க, ராவுனது நான்தான். பிட்டர் ராவாம எலெக்ட்ரீசியனா ராவுவான்? அன்னைக்குக் காத்தால மொதலாளி வர்றப்ப நான் அதைத்தான் பண்ணிட்டிருந்தேன். அரத்துல ஒரு இழுப்பு இழுக்கறது, காடியில வெச்சுப் பார்க்கறது, எடுக்கறது, மறுக்கா ஒரு இழுப்பு. கடைசியா வெச்சப்ப அளவா உக்காந்துச்சு. அப்பத்தான் இந்தப் பட்டாளம் உள்ள வந்துச்சு. எடுக்கறதுக்குள்ள அந்தம்மா சந்தனத்தை அப்பிட்டாங்க. கீ மேலயும் சேர்த்து அப்புனாங்க. கீ மேலதான் அந்தப் பூவையே வெச்சாங்க. அதை எடுக்கோணும்னா பூவைக் கலைக்கோணும். கலைச்சா அபசகுனம்பாங்க. ஒரு தடவை வாயைத் தொறந்து பட்டது போதாதுங்களா எனக்கு?

கட்டையைக் குடுக்கறப்ப ஞாபகம் இருந்துச்சான்னு கேக்கறீங்க. உங்களுக்கென்ன, வக்கீலாட்டக் கேக்கறீங்க. இருந்துச்சு. ஞாபகம் என்னங்க, கண்ணுலயே பட்டுச்சு. மஞ்சளா, பூவை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. சுத்தட்டும், பூவும் கீயும் எகிறிச் செவுத்துல அடிக்கட்டும், எல்லாரும் ஒரு துள்ளு துள்ளட்டும், பிட்டர் எதுக்கு இருக்கறான்னு அப்பத் தெரியட்டும்னு தோணுச்சு. யாரு மேலயோ படும்னு நெனைக்கலை. சத்தியமா நெனைக்கலை. அவ்வளவு சனம் எட்டத்தான் நின்னுச்சு. இவன் ஒருத்தன் ஓடியாந்து மூஞ்சியைக் குடுப்பான்னு யாரு கண்டா? போடறவன் ஒரு தடவை ஷாப்ட்டைப் பார்த்துட்டுத்தானே போடோணும். அவனுக்கும் புத்தி வேணுமில்லீங்களா?

சரி, விசாரணைக்கு வர்றேன். மொதலாளி ஒரு காயிதம் எழுதிக் கொண்டாந்தாரு. பியூஸ் கட்டையைப் பிட்டருக்குத் தெரியாம மயில்சாமி எடுத்து மாட்டிட்டான்னு அதுல இருந்துச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "இப்படிப் பொய்யெல்லாம் எழுதுனா நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க. கட்டையை என்ற கையாலதான் குடுத்தேன், அப்படியே எழுதுங்க"ன்னேன். மொதலாளி மொகம் செத்துப் போச்சு. அடிச்சுட்டு அப்படியே எழுதுனாரு. நான் யாருக்கும் பயப்படறவன் இல்லீங்க. நேர்மை இல்லாத இடத்துல எனக்கு மூச்சே விட முடியாது.

அப்ப கீ எப்படி வந்துச்சுன்னு எழுதோணும்ல. அவரே ஒண்ணு சொன்னாரு. கீ கீழ ஆயுதங்களோட கெடந்துச்சு, சுலோச்சனாம்மா பொட்டு வெக்கறதுக்குத் தோதா மயில்சாமிதான் எடுத்து ஷாப்ட்டுல வெச்சான், அப்பறம் மறந்துட்டான். அவன் எல்லாத்துக்கும் சரிங்க போடற ஆளு, யாரு கேட்டாலும் நம்புவாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. நான் எழுதலையே. அவரு சம்சாரம் மேல வராம இருக்கறதுக்கு அவரு எழுதிக்கிட்டாரு.

ஆனா மயில்சாமி ஒத்துக்கோணுமில்லீங்களா. அவன் கையெழுத்து இல்லாம அது செல்லாது. அதனால மொதலாளி என்னையத்தான் அனுப்புனாரு. நேத்து கோயமுத்தூர்ல கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். பாதி மூஞ்சிக்குக் கட்டு. சம்சாரம் கஞ்சி ஊட்டிட்டு இருந்தா. என்னையப் பார்த்ததும் எந்திரிச்சு உக்காரப் பார்க்கறான், படுத்திருக்கறவன். "அண்ணா வந்துட்டீங்களாண்ணா, நீங்க எதுக்கண்ணா பஸ்சேறி வந்தீங்க"ன்னு. அந்த நெலமையிலயும் அதே கொழையல்.

காயிதத்தை அவன் சம்சாரம் படிச்சுக் காட்டுனா. மயில்சாமி முழுசாக் கேட்டான். அப்பறம் என்ற கையைப் புடிச்சுக்கிட்டான். "அண்ணா, எனக்கு அன்னைக்குக் காத்தால நடந்தது ஒண்ணுமே ஞாபகத்துக்கு வரமாட்டேங்குதுண்ணா. சட்டை போட்டது ஞாபகம் இருக்குது, வண்டியை எடுத்தது ஞாபகம் இருக்குது, அதோட சரி. நான் அப்படிச் செஞ்சிருப்பனாண்ணா? நீங்க சொல்லுங்க. நீங்க கட்டையைக் குடுத்தீங்கன்னா கீ இருந்திருக்காதுல்லண்ணா. நீங்க போறப்ப ஷாப்ட்டுல கீ இருந்துச்சா?"

அவன் சம்சாரம் என்னையவே பார்த்துட்டு இருக்கறா.

"இல்லடா"ன்னேன்.

அவ்வளவுதானுங்க. ஒரே வார்த்தை. அவன் உடனே தலையை ஆட்டுனான். "அப்ப நாந்தாண்ணா வெச்சிருக்கறேன். நீங்க தப்புப் பண்ணியிருக்க மாட்டீங்க. பேனாவைக் குடு புள்ளை"ன்னு வாங்கி, எங்க போடறதுன்னு மத்தக் கண்ணுலயும் சரியாத் தெரியாம, அவ வெரலைப் புடிச்சு வெச்ச இடத்துல கையெழுத்துப் போட்டான். போட்டுட்டு என்னையப் பார்த்து, "உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டண்ணா"ங்கறான்.

ஒரு மனுசன் இப்படியா இருப்பான்? நெசத்தைச் சொல்லுடான்னு ஒரு வார்த்தை சத்தம் போட்டுக் கேட்டிருந்தா, சட்டையைப் புடிச்சு ஒரு உலுக்கு உலுக்கியிருந்தா, நான் சொல்லித்தான் இருப்பேன். சத்தியமாச் சொல்லியிருப்பேன். கேக்கவே இல்லீங்க அவன். சொன்னதை அப்படியே முழுங்கிட்டான். எனக்கு அவனை நெனைச்சா மொதலாளியை விட, அந்தப் பூசணிக்காயை விட, அதிகமாக் குமட்டுது. பஸ்ஸ்டாண்டுல போய் வாந்தியே எடுத்துட்டேன்.

இதா, தண்டபாணின்னு கூப்பிடறாங்க. மயில்சாமி எழுதிக் குடுத்தது சரிதானான்னு கேப்பாங்க. சரிதானுங்கன்னுட்டு வந்தர்றேன். நான் போய்க் கெடுத்து என்ன ஆகப் போகுது, கண்ணு திரும்பி வருமா? இந்தப் பையைச் சித்த பார்த்துக்கறீங்களா, அஞ்சு நிமிசத்துல வந்தர்றேன்.

ஏனுங்க எந்திரிக்கறீங்க, நீங்களும் உள்ளயா வர்றீங்க? என்னையத்தானே கூப்பிட்டாங்க. உங்க பேரை இன்னும் கூப்பிடலீங்களே.